வேஸ்ட் கட்டத்தில் பூஜ்யம்

எங்கள் காலண்டர் அச்சகத்தில் கெட்டுப்போன தாள் என்று எதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கலர் மாறி விழுந்த ஷீட்டுகளைச் சத்தமில்லாமல் கட்டி, எம். புதுப்பட்டிப் பக்கம் வெடிக்குக் குழாய் சுற்றுகிறவர்களுக்குத் தள்ளிவிடுவார்கள். தீபாவளிக்கு எங்கள் தப்பெல்லாம் வெடித்துத் தீர்ந்துவிடும். முதலாளி வைவார் என்ற பயத்தில் வந்த பழக்கம் அது.

அங்கேதான் இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பெரிய மென்பொருள் ஒன்று வந்து இறங்கியது. ஆர்டர், பேப்பர், மிஷின் எல்லாம் அதற்குள். அதை நடத்துவதற்கென்றே, ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதில் 'வேஸ்ட்' என்று ஒரு கட்டம். தினமும் சாயங்காலம் மிஷின்மேன் அண்ணனிடம் போய்க் கேட்பேன். "ஒண்ணுமில்ல தாயி" என்பார். மூன்று மாதம் பூஜ்யமாகவே போட்டேன்.

சீசன் உச்சத்தில், பாதி ஆர்டரில் பேப்பர் தீர்ந்தது. கம்ப்யூட்டர் நாற்பது ரீம் இருக்கிறது என்றது, குடோனில் வெறுந்தரை. நான் போட்ட பூஜ்யமெல்லாம் அதற்குள் பேப்பராக உட்கார்ந்திருந்தது.

"இந்த மாசத்தோட இந்தக் கம்ப்யூட்டர மூட்டை கட்டிருங்க," என்றார் முதலாளி. மூட்டையில் நானும் சேர்த்தி. என்னை நம்பித்தான் வீட்டில் தம்பி காலேஜ் போய்க்கொண்டிருந்தான்.

அதே வாரம் ஒரு சாமி படத்தின் பின்னணி நீலத்துக்குப் பதில் பச்சையாக ஓடிவிட்டது. பச்சை என்று என் மேஜையருகே நின்று போனில் அண்ணனிடம் சொன்னவரே முதலாளிதான். ஆனால் எல்லார் முன்னாலும் வசவு வாங்கியது அண்ணன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எப்படியும் போகிற வேலைதானே? வேஸ்ட் கட்டத்தில் இரண்டாயிரம் ஷீட் என்று போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'முதலாளி கலரை மாற்றிச் சொன்னார்' என்று அடித்து, பிரின்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். தாளோடு எழுந்து மிஷின் ரூமுக்கு நடந்தார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன்.

மிஷினை நிறுத்தச் சொன்னார். "பச்சைன்னு சொன்னது நாந்தாம்ப்பா. அம்புட்டுத் திட்டுனேன், ஏன் சொல்லல?"

"சொல்லிப் பழக்கமில்ல அண்ணாச்சி," என்றார் அண்ணன்.

முதலாளி வாசல்வரை போய்த் திரும்பினார். "இனிமே சொல்லுங்க. நான் வஞ்சா, இந்தத் தாள எடுத்துக் காட்டுங்க."

மாசக் கடைசியில் மூட்டை கட்டும் பேச்சே எழவில்லை. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, முதலாளி அப்படிச் சொன்னதற்கு மறுநாள் சாயங்காலம்தான். நான் போய்க் கேட்குமுன்பே அண்ணன் என் மேஜைக்கு வந்துவிட்டார். கை மையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"முந்நூறு ஷீட்டு போச்சு தாயி. நாந்தான் கவனிக்கல. எழுதிக்கோ."

இருபது வருஷத்தில் அவர் கையில் ஒரு தாள்கூடக் கெட்டதில்லை என்று பேர். கண் கலங்கி எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. சரியாக அடித்திருக்கிறேனா என்று அண்ணன்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.