பரீதா ரீச்சரின் ஸ்டியரிங்

சனிக்கிழமை காலை பரீதா ரீச்சரின் முற்றத்தில் அவருடைய காரின் பொனட்டைத் திறந்து நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவரது கணவர் போனில் கோல் எடுத்தார். ரீச்சர் வபாத்தாகிவிட்டார், ஜனாஸா வரும் வாகனத்துக்கு இடம் வேண்டும், காரை வெளியே எடுத்துவிடுங்கள் என்றார். எதிர்பார்த்த மரணச் செய்திதான். பொனட்டை மூடினேன்.

ஓர்ஸ் ஹில்லில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடுகள்; கிண்ணியாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் தமிழ். அவருடைய காரில்தான் போய்வருவோம். நான் கதைத்துக்கொண்டே வருவேன். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவார். என் கதையைவிட அதில் விஷயம் இருந்திருக்கும்.

அவரது வகுப்பை அறிந்து இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரது சனிக்கிழமையை அறிந்திருக்கமாட்டீர்கள். முதல் நாள் மாலையே காரின் கீழே வெள்ளைக் காகித மட்டை ஒன்றை விரித்துவிடுவார். காலையில் அதில் ஒயில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்டியரிங் ஒயில் கறுத்திருந்தால், மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை அளவாக ஊற்றுவார். உதவிக்கு வந்த கணவர் ஒருமுறை பிரேக் ஒயிலை நீட்டி, இரண்டும் ஒயில்தானே என்றார். "அப்ப நாளைக்குக் கறியையும் இதில தாளிக்கிறன்" என்றார் ரீச்சர்.

போன வருடம் ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். ஒயிலை மாற்றினார், பெல்ட்டை இறுக்கினார், டயருக்குக் காற்று அடித்தார். பாரம் குறையவில்லை. பாலையூற்றுக் கராஜ்காரர் பழுதே இல்லை என்றபோது, அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று கோபித்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னை உட்கார்ந்து திருப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு விரலுக்கே சுழன்றது. எனக்குப் பயமாகிவிட்டது.

"பாரம் இல்லை, ரீச்சர்" என்றேன்.

துணியால் வலது கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அப்ப பழுது காரில இல்ல" என்றார்.

நரம்பு நோய் என்றார்கள் டொக்டர்மார். லைசன்ஸ் எடுத்தும் ஓட்டாமல் அதை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த என்னிடம் காரின் திறப்பைத் தந்துவிட்டு இடப்பக்கம் உட்கார்ந்தார். முதல் நாளே பள்ளிக்கூட வாசலில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங் பம்ப் முனகியது.

"முட்டுமட்டும் திருப்புங்க. முட்டினாப் பிறகு பிடிச்சுக்கொண்டு நிக்காதீங்க" என்றார்.

இரண்டு ஆஸ்பத்திரிகள் கைவிரித்த பிறகும் மூன்றாவதைப் பார்ப்போம் என்று நான் அரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

"முட்டிற்று, ரீச்சர். இனிப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது" என்றார் அவர் என்னிடம்.

கோல் வந்த அந்தச் சனிக்கிழமை காரைப் பின்னால் எடுத்தேன். எங்கள் வீட்டு ஒழுங்கை ஒடுக்கமான சந்து. முட்டும்வரை திருப்பி, கையை இளக்கினேன். பம்ப் முனகவில்லை. அந்த இடத்தில் கையை இளக்கும் பழக்கம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. காரை மதிலோரம் நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே இருந்து அழுதேன்.