கண்ணாடிக்கூட்டில் வந்த டாங்கிள்

"உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கும் மின்னஞ்சலைக் கண்டாலே நான் உஷாராகிவிடுவேன். அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்து இத்தனை வருடத்தில் நான் படித்த பாடம் அது. மகிழ்ச்சியான செய்தி என்றால் எதையோ பிடுங்கப்போகிறார்கள். "உங்கள் நன்மை கருதி" என்றால் ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள். வெறும் "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், விலை மட்டும்தான் ஏறியிருக்கும்.

தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கல்யாண ப்ளவுஸின் முதுகிலும் கையிலும் மயிலும் மாங்காயும் தைப்பது எந்திரம். ஆனால் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த இடத்தில் நூல் மாற வேண்டும் என்று அந்த எந்திரத்துக்குச் சொல்வது ஒரு மென்பொருள். அதில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக வரைவதற்குப் பஞ்ச் பண்ணுவது என்று பெயர். ஒரு மயிலுக்கு இரண்டு நாள் ஓடிவிடும். தோகைக்கே ஒன்றரை நாள். அப்படி வரைந்த மயிலை அதே மென்பொருளில்தான் திறக்க முடியும், பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியும். மென்பொருள் கையைவிட்டுப் போனால் நான் பெற்ற மயிலெல்லாம் எனக்கே முகம் காட்டாது.

மென்பொருளோடு, பென் டிரைவ் போல விரல் நீளத்தில், டாங்கிள் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கணினியில் சொருகினால்தான் மென்பொருள் திறக்கும். எந்தக் கணினியில் சொருகினாலும் திறக்கும். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க உங்களுடையது என்று அட்டைப்பெட்டியிலேயே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. யாருடைய ஆயுள் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி போகவில்லை.

அதை நான் தனியாக வாங்கவில்லை. தையல் பயிற்சியில் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள் ஒருத்தி. பயிற்சி முடிந்ததும் அவள் ஆலங்குடியில் கடை போட்டாள், நான் இங்கே போட்டேன். தனித்தனியாக வாங்க இருவருக்குமே வழியில்லை. ஆளுக்குப் பாதி போட்டுப் புதுக்கோட்டைக்குப் போய் ஒன்று வாங்கினோம். விற்பனையாளர் பில் புத்தகத்தைத் திறந்து, "யார் பேருல போடட்டும்?" என்றார்.

"அவ பேருல போடுங்க" என்றேன். அதே நேரத்தில் அவளும் என்னைக் கை காட்டினாள்.

"ஏ, ஒம்பேருல இருக்கட்டும்டி."

"போடி, ஒம்பேருலயே இருக்கட்டும்."

ஐந்து நிமிடம் இப்படியே இழுத்தோம். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டு, கடை முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் டாங்கிள் பஸ்ஸில்தான் குடியிருந்தது. திங்கள் முதல் புதன் வரை என்னிடம். வியாழன் காலை எட்டே முக்கால் பஸ்ஸில் ஆலங்குடிக்குப் போகும். சனிக்கிழமை வரை அவளிடம். திங்கள் காலை அதே பஸ் திரும்பக் கொண்டுவரும். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கணினி என்பதுதான் அன்றைய விதி. அந்த விதியைப் பஸ்ஸை வைத்து நாங்கள் காப்பாற்றினோம். நசுங்காமல் இருக்கட்டும் என்று ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டிக் கண்டக்டரிடம் கொடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பெண்கள் ஒரே கண்ணாடியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றே அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பவராக்கா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆமா தம்பி, நான் பாக்குறத அவளும் பாத்தாத்தான் எங்களுக்கு ஆகும்" என்றேன்.

கூட்டுக்குள் எப்போதும் கூடவே ஏதாவது இருக்கும். நான் நூல் துண்டு வைப்பேன், இந்த நிறம் அங்கே கிடைக்குமா பார் என்று. அவள் இரண்டு தேன்மிட்டாயைக் காகிதத்தில் சுற்றி வைப்பாள்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து வரும் கடிதங்களைப் படிப்பது என் வேலை. "ஒனக்குத்தான் இங்கிலீஷ் வரும். படிச்சுட்டு என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுட்டுப் போறேன்" என்பாள். நானும் வாத்தியார் மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். முதலில் பழைய கணினியில் இனி ஓடாது என்றார்கள். கணினியை மாற்றினோம். அடுத்து, வருடம் ஒருமுறை இணையத்தில் சேர்த்து டாங்கிள் உண்மையானதுதான் என்று காட்ட வேண்டும் என்றார்கள். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று போய் நிற்பார்களே, அதைப்போல நாங்களும் வருடா வருடம் நின்றோம். அப்புறம் ஒப்பந்தத்தையே புதிதாக அனுப்பினார்கள். நாற்பது பக்கம். அகராதியும் கையுமாக நான்கு நாள் படித்தேன். ஆயுள் என்றால் வாங்கியவரின் ஆயுள் இல்லையாம், அந்தப் பொருளின் ஆயுளாம். அதை எப்போது முடிப்பது என்று அவர்களே முடிவு செய்வார்களாம். நோட்டில் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அவ்வளவு ஆத்திரம்.

முடித்தும்விட்டார்கள். ஒரு வியாழக்கிழமை மதியம் அந்த மகிழ்ச்சியான செய்தி வந்தது. டாங்கிள் அன்று காலைதான் ஆலங்குடிக்குப் போயிருந்தது. இந்த மாதக் கடைசிக்குப் பிறகு டாங்கிள் எதுவும் வேலை செய்யாது. அதற்குள் டாங்கிளின் எண்ணைக் கொடுத்து இணையத்தில் ஒரு கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு டாங்கிளுக்கு ஒரு கணக்கு, ஒரு பெயர், ஒரு கணினி. மாற்றிய பிறகு பெயரைத் திருத்த முடியாது.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். "மாசக் கடைசிக்குள்ள டாங்கிளை நெட்டுல பதியணுமாம்டி. செவ்வாக்கெழமை ரெண்டு பேரும் புதுக்கோட்டைக்குப் போயி வெவரம் கேப்போம்" என்றேன். வைக்கப்போகும் நேரத்தில், "டாங்கிள் முதுகுல ஒரு நம்பர் இருக்கும் பாரு, அதை மட்டும் சொல்லு. குறிச்சு வச்சுக்கிறேன்" என்றும் சொன்னேன்.

"மிஷின் ஓடுது. அப்பறம் பாத்து அனுப்புறேன்" என்றாள். அனுப்பவில்லை. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் நினைவுபடுத்தினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

திங்கள் காலை வழக்கம்போலக் கூடு வந்தது. தேன்மிட்டாயும் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை. கட்டுமாவடிப் பெண் ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை கத்தாரிலிருந்து இருபது நாள் லீவில் வந்திருந்ததால் தேதியைத் தள்ள வழியே இல்லை. அளவு பார்த்ததில் முதுகு மயில் இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது. அதைக் குறைத்து அன்று மதியத்துக்குள் எந்திரத்தில் ஏற்றியாக வேண்டும். ஒரு தேன்மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு டாங்கிளைச் சொருகினேன். அதன் பச்சை விளக்கு எப்போதும்போல எரிந்தது. திரையில் மட்டும் வேறு ஏதோ வந்தது. இந்த டாங்கிள் ஒரு கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது, உரிமையாளர் உள்நுழையவும் என்று இருந்தது. கழற்றிச் சொருகினேன். ஊதிவிட்டுச் சொருகினேன். புதுக்கோட்டை விற்பனையாளரைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமையே மாத்தியாச்சே மேடம். ஒங்க பிரெண்டு பேருலதான். ஒங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றார்.

மிட்டாய் இன்னும் வாயில் இருந்தது. துப்பினேன். செத்துப்போன டாங்கிளைப் பொட்டலம் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மிட்டாயும் வைத்து அனுப்பியிருக்கிறாள். டாங்கிளை எடுத்துக்கொண்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேனோ என்னவோ, அந்த மிட்டாயை என்னால் மறக்க முடியாது. அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

பென் டிரைவில் மயிலை ஏற்றி, கண்ணாடிக் கூட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அதே கண்டக்டர். "என்னக்கா, இன்னைக்குக் கண்ணாடியை நீங்களே எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீரமங்கலம் தாண்டும்வரை அவளைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பெயரே போடாத பில்லைப் பயன்படுத்திக்கொண்டாயே, அன்று என்னைக் கை காட்டியதும் நடிப்புதானா என்று கேட்க நினைத்தேன்.

அவள் ஓடி ஒளியவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். நான் உட்காரவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். திருடி என்றேன். நம்பினவ கழுத்தை அறுத்துட்டியே என்றேன். அவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "நம்பரை எதுக்குடி கேட்ட?" என்றாள்.

"குறிச்சு வைக்கத்தான்."

"ஒரே பேருதான் போடலாமாம். பதிஞ்சுட்டா மாத்த முடியாதாம். புதுக்கோட்டைக்காரரு சனிக்கெழமை சொன்னாரு. நீ வியாழக்கெழமையே படிச்சவ. மாசக் கடைசின்னு எங்கிட்ட சொன்னியே, இதை ஏன் சொல்லல?"

நேரில் சொல்லலாம் என்று இருந்தேன் என்று எதையோ முணுமுணுத்தேன்.

"இத்தனை வருசமா நீ படிச்சு நீ சொன்னதைத்தான் நான் கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கையை நீட்டினாள். பென் டிரைவைக் கொடுத்தேன். என் மயிலை அவள் கணினியில் திறந்து, "எவ்வளவு கொறைக்கணும்?" என்று கேட்டாள். அளவைச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் குறைத்துத் தையல் கோப்பாக்கிக் கொடுத்தாள். வேறு யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுப்பதுபோல இருந்தது. "வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதோடு எங்கள் பேச்சு நின்றது. நான் மாதச் சந்தாவில் சேர்ந்துகொண்டேன். இப்போது மாதம் பிறந்தால் திரை என்னை யார் என்று கேட்கிறது, நான் பதில் சொல்லி உள்ளே போகிறேன். அடுத்த வருடமே அவளுடைய கணக்கையும் சந்தாவாக மாற்றிவிட்டார்கள் என்று அந்த விற்பனையாளர்தான் சொன்னார். கெடு முடிந்து, மென்பொருள் பூட்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்ததாம். மின்னஞ்சல் முன்கூட்டியே வந்திருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அவள் செய்த துரோகத்தைச் சொல்லியிருக்கிறேன். மிட்டாய் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். துரோகம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அன்று மதியம் ஆலங்குடியிலிருந்து திரும்பிக் கடைக்குள் நுழைந்த பிறகு நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மயிலை எந்திரத்தில் ஓட விட்டுவிட்டுக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தேன். பிரவுசரின் ஓரத்தில், வெள்ளிக்கிழமை நான் திறந்து சிறிதாக்கி வைத்திருந்த பதிவுப் படிவம் அப்படியே கிடந்தது. பெரிதாக்கினேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் நானே அடித்தது. கீழே என் கைபேசி எண், என் மின்னஞ்சல், என் கடை முகவரி. டாங்கிள் எண்ணுக்கு உரிய கட்டம் மட்டும் காலி. செவ்வாய்க்கிழமை அவளிடம் சொல்லத்தான் இருந்தேன் என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் அந்த எண்ணைச் சனிக்கிழமை அனுப்பியிருந்தால், செவ்வாய்க்கிழமை வரைக்கும் என் கை சும்மா இருந்திருக்குமா? இருந்திருக்காது.

அழுகை அப்போதுதான் வந்தது. என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கடைசி எழுத்தும் போனதும், பெயர் இல்லாமல் இந்தக் கட்டத்தை விட முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.