கேட்காமல் புதுப்பித்த பாலிசி

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் திருவண்ணாமலையிலேயே கழிந்தது. படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்தும் படிக்காதவர்கள், படித்தும் புரியாதவர்கள் என்று மூன்று ரகமும் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றிருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "படிக்காம எதுக்குக் கையெழுத்து போட்ட?" வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்து நின்ற ஒரு பெரியவரை, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி திட்டி அழ வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தின் லட்சணம் சரியாகத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டினால் அதிகம், ஆனால் தினமும் துடைப்பேன். காரை விற்றவர் அதோடு ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார். கீழ்பென்னாத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஒரு பழைய மொபெட், ஹேண்டில்பாரில் தொங்கும் ரெக்ஸின் பை, மேலே இரண்டைப் போடாமல் மூன்றாவது பட்டனோடு நிற்கும் சட்டை. இவ்வளவுதான் ஆள்.

அவர் டைரி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. யார் வண்டிக்கு எப்போது இன்சூரன்ஸ் முடிகிறது என்பதைத் திருவிழாக் கணக்கில் மனதில் வைத்திருந்தார். டாக்டர் வண்டி ஆடிப்பூரம், அரிசி மண்டிக்காரர் வண்டி பங்குனி உத்திரம். "சார் வண்டி தீபத்துக்குக் கொடியேர்ற நேரங்க" என்பார். முடிவதற்கு இரண்டு நாள் முன்பாகவே அவரே கைப்பணத்தைக் கட்டிவிட்டு, பாலிசியைப் பெரிய கோயிலில் வைத்து வாங்கி, திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒரு மஞ்சள் கவரில் போட்டுக் கொண்டுவருவார். பணத்தைச் சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும். அதற்கு முன்பு ஒரு தடவை, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க மட்டும் வருவார்.

அந்த ஒரு தடவைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மொபெட் வந்து நின்றது. முந்தின நாள்தான் ஆபீசில் ஆடிட்காரர்களிடம் பாட்டு வாங்கியிருந்தேன். அந்த எரிச்சலை இறக்கி வைக்க ஆள் கிடைத்துவிட்டார்.

"வருஷா வருஷம் இந்த ஒரு கையெழுத்துக்கு வந்து நிக்கிறியே, எனக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சியா? கைவசம் எத்தனை ஃபாரம் வெச்சிருக்க?"

"ஆறு இருக்குதுங்க சார்."

"கொண்டா எல்லாத்தையும்."

அவர் பையைத் திறக்கவில்லை. "வேணாங்க சார். எழுதாத ஃபாரத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுங்க. நான் ஒரு தபா வந்துட்டுப் போறேன், எனக்கொண்ணும் கஷ்டமில்ல."

"எனக்கே ரூல் சொல்றியா? கையெழுத்துலயே குடித்தனம் பண்றவன்யா நான்!"

ஃபாரங்களை ஏறக்குறைய பிடுங்கித்தான் வாங்கினேன். ஈரம் காயாத பானெட்டின் மேல் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வைத்து ஆறிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். பானெட் சரிவில் பேனா வழுக்கி, ஒவ்வொரு கையெழுத்தின் வாலும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போனது. என் மனைவி காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். "ஆறிடப் போவுது" என்றாள். நான் திரும்பவில்லை.

"இனிமே நீயே எழுதிக் கட்டிடு. பாலிசிய மட்டும் கொண்டாந்து குடு. என்னைக் கேக்காத" என்றேன்.

அவரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கொடியேற்ற வாரத்தில் மஞ்சள் கவர் மட்டும் வந்தது. ஆபீசில் சக ஊழியர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்ம ஆள் தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்வான் என்று.

இதற்கிடையில் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எந்த விஷயமானாலும் அதற்கு ஒரு புது வழி வைத்திருப்பார். நான்காம் வருஷம், தீபத்துக்கு ஒரு மாதம் முன்பு போனில் பேசும்போது, புதிதாக வந்த ஒரு தனியார் கம்பெனியில் என் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம், கம்மியாக முடியும் என்றார். மாப்பிள்ளை சொல்லி மறுக்கிற மாமனாரை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. "சரிங்க மாப்பிள்ள" என்றேன். ஒரே வாரத்தில் பாலிசி தபாலில் வந்துவிட்டது. பழையது முடிகிற தேதியிலிருந்து அது தொடங்கும்.

ஏஜெண்டிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை போன் நம்பர் என்னிடம் இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். யாரையும் திட்டிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒரு மனுஷனிடம் பதமாக, இனிமேல் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. பயம் என்றுதான் சொல்ல வேண்டும். கோபக்காரர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

கொடியேறிய அன்று காலை மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து மஞ்சள் கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கட்டிட்டேங்க சார்."

மாப்பிள்ளை பேப்பரை மடித்தார். "என்ன மாமா இது? நாமதான் வேற எடுத்துட்டோமே. யாரைக் கேட்டு இவர் ரெனியூ பண்ணாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'நான்தான் சொல்ல மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விவரம் தெரிந்த மாப்பிள்ளை முன்னால் விவரம் கெட்ட மாமனாராக உட்கார எனக்கு மனசு வரவில்லை.

"ஏன்யா, யாரைக் கேட்டு கட்டின?" என்றேன்.

"சார், நீங்கதானே..." என்று ஆரம்பித்தவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் நிறுத்தினார் என்பது எனக்கு அப்போதே தெரியும். "பரவால்லைங்க. வேற பாலிசி எடுத்தாச்சுன்னு ஒரு லெட்டரும் அதோட ஜெராக்ஸும் குடுங்க. ரத்து பண்ணிக்கலாம். நானே அலைஞ்சு முடிச்சுத் தர்றேன்."

மாப்பிள்ளை விடவில்லை. "மாமா கையெழுத்து இல்லாம எப்படி ரெனியூ ஆச்சு? நீங்களே போட்டுட்டீங்களா?"

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார்.

"அதானே" என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒற்றை வார்த்தைதான். அவர் மஞ்சள் கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேங்க" என்று போய்விட்டார். திருநீற்றுப் பொட்டலம் கவருக்குள்ளேயே கிடந்தது.

அன்று மாலையே இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ரத்து செய்யச் சொல்லும் சாதாரணக் கடிதம் அல்ல, புகார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வாசகம் முழுக்க என்னுடையது. 'எனக்குத் தெரியாமலும், என் சம்மதம் பெறாமலும், என் கையொப்பம் போலவே இடப்பட்டு' என்று பத்திர பாஷையில் விளாசியிருந்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார் மாப்பிள்ளை. அந்தப் பாராட்டில் குளிர்ந்து போனேன், அதையும் மறைக்கவில்லை.

தீபம் முடிந்து ஒரு வாரத்தில் கிளை மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மாடியில் சின்ன ஆபீஸ். ஏஜெண்ட் எனக்கு முன்பே வந்து, ரெக்ஸின் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேலாளர் மரியாதையான மனுஷர். அந்த வருஷத்து விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பொறுமையாப் பாத்து சொல்லுங்க சார். இது உங்க கையெழுத்தா?"

கையெழுத்தின் வால் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. பானெட்டில் பேனா வழுக்கிய இடம்.

"என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா நான் போடல" என்றேன். விண்ணப்பத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேலாளர் ஏஜெண்டிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ஏஜெண்ட் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்று அருணாசலேஸ்வரரை வேண்டிக்கொண்டேன். எதற்கெல்லாம் சாமியைக் கூப்பிடுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா?

"சார் சொன்னா சரிதாங்க" என்றார் அவர்.

என் பாலிசி ரத்தானது. அவருடைய ஏஜென்சியும் ரத்தானது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எனக்கு ஒரு கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள்.

"அன்னிக்கு காபி ஆறிப்போறது கூடத் தெரியாம நீங்கதானே வரிசையா போட்டுக் குடுத்தீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று கத்தினேன். அவள் சும்மா இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு நான் வீட்டில் யாரையாவது ஏமாற்றுக்காரன் என்று திட்டினால், அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன். வேங்கிக்காலில் கட்டிய சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். தீபம் முடிந்து இருபது நாள் இருக்கும். காரின் ஆர்.சி. புத்தகத்தில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நகல்கள் கேட்பார்கள் என்பதால் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் நிறுத்தினேன். மெஷின் மேல் குனிந்திருந்தவர் கையை நீட்டினார். ஆர்.சி.யையும் பாலிசியையும் கொடுத்தபிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"வாங்க சார்" என்றார். சட்டையில் அதே மூன்றாவது பட்டன்.

ஓடிவிடலாமா என்றிருந்தது. பேப்பர்கள் அவர் கையில் இருந்தன. அவர் பாலிசியைப் புரட்டிப் பார்த்தார்.

"இது போன மாசமே முடிஞ்சிருச்சே சார். இத வெச்சா எடுத்துக்க மாட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். மாப்பிள்ளை அமெரிக்கா போயிருந்தார். கம்பெனி ஏதாவது அனுப்பியிருந்தால் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். மூன்று வாரத்துக்கு மேலாக இன்சூரன்ஸ் இல்லாத காரை நான் ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"கொடியேர்ற அன்னிக்கு நெனச்சேங்க" என்றார். "சார் போட்டிருப்பாருன்னு விட்டுட்டேன்."

ஆணியில் அந்த ரெக்ஸின் பை தொங்கியது. அதிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது உங்களோடதுங்க. குடுத்துடணும்னு ரொம்ப நாளா வெச்சிருக்கேன்."

உள்ளே இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒரு எழுத்துகூட நிரப்பாத ஃபாரங்கள். இரண்டின் அடியிலும் என் கையெழுத்து, வால் கீழே இழுத்துக்கொண்டு. ஆறில் நான்கு போக மிச்சம்.

ஃபாரங்களை மறுபடி கவருக்குள் தள்ளினேன். "அன்னிக்கு, அந்த ஆபீசுல..."

"பையிலதாங்க இருந்துது."

"அப்புறம் ஏன்யா எடுத்துக் காட்டல?" அப்போதும் குரலை உயர்த்தித்தான் கேட்டேன், தப்பு அவருடையது போல.

"காட்டறதுக்குத்தான் கொண்டாந்தேன் சார். நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். அவரு என்னைக் கேட்டப்பக்கூட உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். நீங்க நிமிரவே இல்ல. அதுக்கப்புறம் காட்டி என்னா ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கிழிச்சுப் போட்டுடுங்க சார். எழுதாத ஃபாரம், வேற யார் கையிலயும் சிக்கக் கூடாது."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் ஆர்.சி. புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார். "எத்தனை காப்பி சார்?"

காரை அந்தக் கடை ஓரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்றிருந்தாள். கார் எங்கே என்று கேட்டாள். மஞ்சள் கவரைக் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். இரண்டு ஃபாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைத்தாள். யார் கொடுத்திருப்பார்கள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இப்பவாவது அவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு காப்பின்னு சொன்னேன்."