ஒரு பிடி ஈரமண்

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. பல் துலக்கி, கேப்பைக் கூழ் குடித்து, திண்டிவனம் போகும் முதல் பஸ்ஸின் சத்தம் கேட்பதற்குள் கரிமூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அந்த வாரம் முழுவதும் சிறுவனான என் வேலை. இன்று என் மகள் மொட்டைமாடியில் கோழி சுட வாங்கி வருகிற கரியும் அப்படியொரு மூட்டத்தில் பிறந்ததுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை ஓரம் மண்டிக் கிடந்த வேலிகாத்தான் மரங்களை அப்பாவும் சித்தப்பாவும் வெட்டி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்திருந்தார்கள். மண் எங்காவது பிளந்தால் நான் கத்த வேண்டும். சித்தப்பா ஓடி வந்து அடைப்பார்.

"காத்து பூந்துச்சுன்னா அத்தினியும் சாம்பலாப் பூடும். இன்னா மேஸ்திரி, பாத்துக்கினு இருக்கியா, தூங்கிக்கினு இருக்கியா?" என்று என்னைச் சீண்டுவார்.

இரண்டு நாளாக அவர் காமாலையோடு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தப் புதன்கிழமை நான் மூட்டத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் உடலை வேனில் கொண்டுவந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவர். அதனால் அப்பாதான் கொள்ளி வைக்க வேண்டும்.

சுடுகாட்டில் வறட்டி அடுக்கி, அவரைக் கிடத்தி, வைக்கோல் போர்த்தி, களிமண் பூசினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த வேலை. மண்ணுக்குள் இருந்தால் சித்தப்பா சாம்பலாக மாட்டார். ஆனால் பூச்சில் ஒருவர் விரலால் துளையிட்டார். அப்பா கொள்ளி வைத்துவிட்டு நடக்கத் தொடங்கியதும் அதன் வழியே புகை வந்தது. "ஓட்டை! ஓட்டை!" என்று கத்திக்கொண்டு ஈரமண்ணை அள்ளி ஓடினேன்.

மாமா என்னைப் பிடித்து இழுத்தார். "இன்னாடா பேஜாரு பண்ற? யாருய்யா இவன இட்டுக்கினு வந்தது?"

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பா திரும்பி வந்தார்.

"உடு மச்சான். அவங்க சித்தப்பா சொன்ன வேலையத்தான் செய்யறான்." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணை உதிர்த்தார். "இது சாம்பலாத்தான் ஆவணும், கண்ணு."

ஒரே மாதிரி மூடிய இரண்டில் ஒன்று மட்டும் ஏன் சாம்பலாக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு அப்பாவோடு கோபித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் பால் தெளிக்கப் போகும் முன், முதல் வேலையாக அவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். காவலில்லாத மூட்டம் பக்கவாட்டில் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. அப்பா ஈரமண்ணைப் பிசைந்து என் கையில் வைத்தார்.

"அடைடா, மேஸ்திரி" என்றார்.