மரத்துக்குப் பிணை

போன கிழமை மார்க்கம் நகரில் ஒரு ஜப்பான் கடையில் உப்பிட்ட பிளம் காயை பிளாஸ்டிக் டப்பாவில் கண்டேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறவன் அல்ல நான். பால் பெட்டியின் திகதியையே இரண்டு தரம் வாசிப்பேன். தேன் சேர்த்தது என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை.

"உப்புக்காய்க்கு என்னத்துக்குத் தேன்? எதையோ மறைக்கிறாங்கள்," என்றேன்.

"சும்மா கார்ட்டைத் தள்ளுங்கோ, சனம் பாக்குது," என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். தேனையும் மீறிக்கொண்டு அந்தப் புளிப்பு மணம் வந்தது. கூடவே நான் முன்பு இருந்த வெக்ஸ்போர்ட் பேஸ்மென்றும் நினைவில் வந்துவிட்டது.

கனடா வந்த புதிதில் அங்கே சிவண்ணை வீட்டில் வாடகைக்கு இருந்தேன். மேலே அவருடைய குடும்பம், கீழே நிலவறையில் நான். என் ஜன்னல் நிலமட்டத்தில் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பக்கத்து வளவில் ஒரு மரத்தின் அடியும், அங்கே நடமாடுகிறவர்களின் கால்களும்தான் தெரியும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். நான் சப்பாத்தைப் பார்த்துச் சந்தேகப்படப் பழகினேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் மோரி என்ற ஜப்பானியக் கிழவரும் அவர் மனைவியும். கிழவரின் ரப்பர் பூட்ஸ் அந்த மரத்தையே சுற்றிச் சுற்றி வரும். குளிர் தொடங்கியதும் மரத்தைச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஊரில் ஆமி சுற்றிவளைத்தபோது, தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று வந்தவன் நான். சாக்கைக் கண்டதும் மேலே ஏறிப் போனேன். சிவண்ணையிடம் விசாரித்தேன்.

"உவர் ஆரோடையும் கதைக்கிறேல்லை. நீர் உம்மடை பாட்டிலை இரும், தம்பி."

ஏப்ரலில், பனி முழுதாக உருகுமுன், ஓர் இலைகூட இல்லாத கொம்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்தது. இலைக்கு முன் பூக்கிற மரத்தை எப்படி நம்புவது? ஆனாலும் வேலைக்குப் போகிற வழியில் வேலியோரம் நின்றுவிட்டேன். அப்படி ஒரு வாசம். பஸ்ஸையும் தவறவிட்டேன். பூ எல்லாம் கொட்டியது, ஒரு காய் பிடிக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. தேத்தண்ணியோடு ஜன்னலடியில் நிற்கிறேன். ரப்பர் பூட்ஸ் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோடாலி அலகு தொங்கிக்கொண்டு வந்தது. பின்னால் மனைவியின் சின்னச் சப்பாத்துகள். கிழவர் உரத்துக் கத்தினார். கோடாலி மேலே போய் மறைந்தது. மனிசியை வெட்டப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு, வெறுங்காலோடு பனிக்குள் பாய்ந்து ஓடினேன்.

"நோ! நோ! வெட்டாதைங்கோ!"

கிழவர் கோபமாகத் திரும்பினார். அந்த அம்மா என் சாரத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்கள் ஊரில் காய்க்காத மரத்தை ஜனவரியில் இப்படித்தான் வெருட்டுவார்களாம். ஒருவர் கோடாலியை ஓங்கி, "காய்ப்பாயா, வெட்டட்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் மரத்துக்காக, "காய்ப்பேன், காய்ப்பேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வது அவருடைய வேலை. நான் முந்திக்கொண்டேன். ஆகவே மரத்துக்குப் பிணை இனி நான்தான் என்றார்.

கிழவர் சிரிக்கவில்லை. மனைவி உப்பிட ஒரு சட்டி காய் கேட்கிறாள், இந்த பிளம் மரம் பூவைக் காட்டியே ஏமாற்றுகிறது, இந்த வருஷமும் காய்க்காவிட்டால் உண்மையாகவே வெட்டுவேன் என்றார். என் அகதி வழக்கு முடியாத காலம் அது. என் சொல்லை நம்புவதற்கு ஆள் தேடித் திரிந்தவன், ஒரு மரத்துக்குப் பிணை நின்றேன்.

அந்த ஏப்ரலில் பூ வந்தது, குளிரில் ஒரு தேனீயும் வரவில்லை. அணிலை நம்பவில்லை, காற்றை நம்பவில்லை. பூசணிப் பூவுக்கு மகரந்தம் தடவுவதுபோல ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, வேலிக்கு மேலால் எட்டிப் பூப்பூவாகத் தடவினேன். இப்போது கிழவர் தன் ஜன்னலில் நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மேலேயிருந்து சிவண்ணையும் பார்த்தார்.

"தம்பி, உமக்கென்ன விசரோ? கிழவன் பொலிசைக் கூப்பிடப் போறான்!"

கூப்பிடவில்லை. கோடையில் காய்கள் மஞ்சளித்தன. சட்டி நிறைந்தது. நான் ஒன்றை வாயில் போடப் போக, அந்த அம்மா பட்டென்று கையில் அடித்தார். பச்சையாகத் தின்றால் நஞ்சாம். கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். அவர் காயை உப்பில் போட்டு, ஏதோ ஒரு சிவந்த இலையையும் சேர்த்து ஊறவிட்டு, வெயிலில் தட்டுகளில் பரப்பிக் காயவைத்தார். பிறகு ஒரு போத்தல் எனக்கு வந்தது. நஞ்சு என்று சொன்னதை எனக்கு ஏன் தருகிறார்? போத்தலை மூலையில் வைத்துவிட்டேன். காய்ச்சலில் கிடந்த ஒருநாள், கஞ்சிக்கு வேறொன்றும் இல்லாமல் அரைமனதோடு ஒன்றைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கிழமையே போத்தல் காலி.

அதற்குப் பிறகு வந்த ஜனவரிகளில் அந்த அம்மாதான் பதில் சொன்னார். நான் ஜன்னலடியில் நின்று கேட்பேன். ஓர் இலையுதிர்காலத்தில் அவர் இறந்துபோனார்.

அடுத்த ஜனவரியில் ரப்பர் பூட்ஸ் மட்டும் வந்தது. கிழவர் கேள்வியைக் கேட்டார். இன்னொரு தரம், குரலைத் தாழ்த்திக் கேட்டார். பூட்ஸ் அசையாமல் நின்றது. என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியே போய் அவருக்குப் பின்னால் நின்றேன். அந்த ஜப்பானியச் சொல் என் வாயில் வரவில்லை.

"காய்ப்பன் ஐயா, காய்ப்பன்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பனிக்குள் நின்று அழுதேன்.

பிறகு எனக்குக் கலியாணமாகி விட்பி நகருக்கு வந்துவிட்டேன். கிழவரை மகள் தன்னோடு கூட்டிப்போனாள். வீட்டை வாங்கியவர்கள் அதை உடைத்து, வேலிவரைக்கும் பெரிதாக ஒரு வீடு எழுப்புகிறார்கள் என்று சிவண்ணை போனில் சொன்னார்.

"மரம்?" என்று கேட்டேன்.

"அது என்ன பெரிய வேலையே? மெஷினைக் கொண்டுவந்தாங்கள், வெட்டி ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்."

"வெட்ட முதல் ஏதும் கேட்டவையோ, அண்ணை?"

"ஆரிட்டை?" என்றார் சிவண்ணை.