விருந்தாளிக்கு அரிசிம்பருப்பு

கோயம்புத்தூர் பிரவுசிங் சென்டரிலிருந்து நம் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து வந்து, கருமத்தம்பட்டியில் கணவரின் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். மூன்று வேளையும் விருந்துதான். இன்று காலை அவர் மனைவியிடம், "அக்கா, உங்க ஊர் அரிசிம்பருப்புச் சோறு செய்யக் கத்துக்கொடுங்க" என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அது அலுப்பா இருக்கற அன்னைக்கு நாங்க ஆக்கிக்கறதுங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு அதையப் போட்டா ஊர்ல என்ன பேசுவாங்க?"

நான் விடவில்லை. வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சொல்லிக்கொடுத்தார். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்தேன். மேலே நெய். நன்றாகவே வந்தது.

வாசத்துக்குக் கதவு ஒரு பொருட்டில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டினார்.

"ஏனுங்கக்கா, விருந்தாளி இருக்கறப்ப அரிசிம்பருப்பா?"

"நான் ஆக்கலீங்க. அவங்களேதான் செஞ்சாங்க" என்றார் அக்கா அவசரமாக.

வந்தவர் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"விருந்தாளியவே ஆக்க உட்டுட்டீங்களா?"

நாளைக்கு இரண்டு வகைப் பாயசம் என்று அக்கா அறிவித்துவிட்டார்.

செய்முறை வேண்டுவோர் எழுதுங்கள், அனுப்புகிறேன். அக்காவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.