ஏழாவது கேள்வி

மற்றவர்களை அவர்களுடைய குற்றங்களைப் பார்க்க வைப்பதுதான் என் தொழில். சொந்தக் குற்றத்தைப் பார்க்க இந்தத் தொழிலில் நேரம் கிடைப்பதில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபையில் பதினான்கு வருடமாக ஊழியக்காரியாக இருக்கிறேன். மாதந்தோறும் திருவிருந்துக்கு முந்திய வெள்ளி மாலை, தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று நடத்துவேன். பத்துக் கேள்விகள் உள்ள தாளைக் கொடுப்பேன். பெயர் எழுதத் தேவையில்லை. நிரப்பி மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். கடைசியில் ஜெபம் பண்ணி, பின்முற்றத்தில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவோம். கேள்விகளைத் தயாரித்தவளும் நானே. ஏழாவது கேள்வி, "சபையில் யாரோடாவது கதைக்காமல் இருக்கிறீர்களா?" அதை எழுதிய காலத்தில் நான் எல்லோரோடும் கதைத்துக்கொண்டிருந்தேன். சபை வேலை, சங்க வேலை என்று தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

கணவருக்கும் சேர்த்து

வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வரும் தம்பதி ஒன்று. மனைவி தன் தாளை இரண்டு நிமிடத்தில் முடித்தார். பிறகு கணவரின் தாளை இழுத்து எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் என்று நிரப்பி, இன்னொரு தாள் கேட்டுக் கையை நீட்டினார். கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்ரி, அவரவர் தாளை அவரவர்தான் நிரப்ப வேணும்" என்றேன். அன்ரி பேனாவை நிறுத்தவில்லை.

"இவருக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது சிஸ்டர். என்னட்ட எல்லாம் நாள் திகதியோட இருக்கு."

போட்டோக்கொப்பி

மட்டக்குளியிலிருந்து வரும் மரியநாயகம் அங்கிள் ஒருநாள் தாளை வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்தால், எப்போதோ எழுதிய பதில்களின் போட்டோக்கொப்பி. அவருடைய பையில் இன்னும் ஒரு கட்டு இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விசுவாசி என்றால் வளர வேண்டும், போன வருடம் நின்ற இடத்திலேயே இந்த வருடமும் நிற்கக்கூடாது என்று கால்மணி நேரம் பிரசங்கம் வைத்தேன். அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாளை டின்னுக்குள் போட்டார்.

"பாவம் அதேதான் சிஸ்டர். புதுசா ஒண்டு செய்ய இந்த வயசில ஏலுமா?"

ஆண்டவர் வழியாக

இனி என் கதை. எங்கள் சபையில் பாட்டு நடத்துபவர் ரஜினி அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் உயிர்த்த ஞாயிறன்று, அவர் திருவிருந்து மேசையில் பிளாஸ்டிக் லில்லிப் பூக்களை வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் எடுத்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒரே சபையில் வேலை செய்யும் இரண்டு பேர் எவ்வளவு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடி, ஆண்டவர் வழியாகக் கதைத்தோம்.

"ஆண்டவரே, அலுமாரிச் சாவியை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கும் நல்ல மனதைத் தாரும்" என்று நான் ஜெபிப்பேன். "சாவி ஜன்னலடியில் இருப்பது உமக்குத் தெரியும் ஆண்டவரே. தேடாமலே குறை சொல்லும் பிள்ளைகளையும் மன்னியும்" என்று அடுத்த புதன்கிழமை பதில் வரும். சபை முழுவதும் 'ஆமென்' சொல்லும். ஒருநாள் பாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சிஸ்டர், உங்கட ரெண்டு பேரின்ட ஜெபத்துக்கும் ஆண்டவர் பதில் சொல்லத் தேவையில்ல. நீங்களே சொல்லிக்கொள்ளுறீங்க."

டின்னில் இல்லாத தாள்

போன மாதம் ரஜினி அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரியவந்தது. திங்கட்கிழமை களுபோவில ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். எப்படிப்பட்ட கட்டி என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அதற்கு முந்திய வெள்ளி வகுப்பில் அவர் இல்லாததால் பாட்டை நானே தொடங்கினேன். சுருதி எங்கேயோ மேலே போய், எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

தாள்களைக் கொளுத்துவது செல்வியின் பொறுப்பு. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கையில் தீப்பெட்டியோடு நின்று, "எல்லார் தாளும் இருக்கு, ஒங்க தாளு மட்டும் இல்லக்கா. எப்பவுமே இல்ல" என்றாள். வகுப்பு எடுக்கிறவர் எழுதத் தேவையில்லை என்று சமாளித்தேன். அவள் குச்சியைப் பற்றவைக்கவில்லை.

"அப்ப ஏழாவது கேள்விய மட்டுமாச்சும் எழுதுங்கக்கா. அதுக்குப் பதிலு இங்க எல்லாருக்கும் தெரியும்."

வார்ட்டில்

எனக்குச் செல்விமேல் வந்த கோபம் வீடு போய்ச் சேர்வதற்குள் பயமாக மாறியிருந்தது. திங்கட்கிழமை அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்புறம் நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஞாயிறு மத்தியானம் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்துக்குப் போனேன். அலுமாரியிலிருந்த பிளாஸ்டிக் பூக்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அக்கா மெலிந்து, கட்டிலில் சாய்ந்திருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, உம்முடைய மகளின் மனதை நான் நோகச் செய்திருந்தால்..."

"ஆண்டவர் கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும் ஜெசி" என்றார் அக்கா. "நீர் கண்ணைத் திறந்து என்னோட கதையும்."

திறந்தேன். "அக்கா, உங்களைக் கேக்காமல் பூவை எடுத்தது என்ட பிழை. ரெண்டு வருசம் கதைக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு, நான் அவர் மடியில் வைத்த லில்லிகளை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் உந்தப் பூ பிடிக்கேல்ல ஜெசி. பாஸ்டரின்ட மனுசி வாங்கித் தந்தவ, அதுதான் வச்சனான். நீர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து ஒளிச்சிருக்கலாம்."

அக்கா சுகமாகித் திரும்பிப் பாட்டு நடத்துகிறார். இதையெல்லாம் நான் சபையில் சாட்சியாகச் சொன்ன நாளிலிருந்து பாஸ்டரின் மனைவி எங்கள் இருவரோடும் கதைப்பதில்லை என்பதால், ஏழாவது கேள்விக்கு இந்த மாதமும் எழுத என்னிடம் விஷயம் இருக்கிறது.